எல்லாம் குறியாக்கத்துக்குள் போனபின் ட்ராஃபிக் ஆய்வு லைப்ரரிக்கு என்ன வேலை?

பாளையங்கோட்டைப் பக்கத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றில் இறுதியாண்டு படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது: "என்டிபிஐ என்ற திறமூல லைப்ரரிக்குப் பங்களிக்க விரும்புகிறேன். ஆனால் இணைய ட்ராஃபிக் ஏறத்தாழ முழுவதும் குறியாக்கம் ஆகிவிட்டது, பாக்கெட்டுக்குள் பார்க்கும் மென்பொருளுக்கு இனி வேலை இல்லை என்று எங்கள் பேராசிரியர் சொல்கிறார். அப்படியானால் அதன் மூலநிரலில் ஓயாமல் மாற்றங்கள் சேர்ந்துகொண்டே இருப்பது ஏன்? எனக்குச் சி மொழி ஓரளவு தெரியும். எங்கே தொடங்குவது?"

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி வளாகத்தின் நெட்வொர்க்கைப் பல ஆண்டுகளாகக் கவனித்துவருபவன் என்ற முறையிலும், பிற மென்பொருள்கள் தமக்குள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பான இந்த லைப்ரரியைத் தினமும் புழங்குபவன் என்ற முறையிலும் பதில் எழுதுகிறேன். உங்கள் பேராசிரியர் சொல்வதில் பாதி சரி. இணையத்தில் தரவு சிறு சிறு துண்டுகளாகப் போகிறது, அவைதான் பாக்கெட்டுகள்; சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி அவற்றைப் பூட்டுவதுதான் குறியாக்கம். பாக்கெட்டின் வயிற்றுக்குள் கிடந்த எழுத்துகளைப் படித்து, இது இன்ன செயலி என்று சொன்ன காலம் முடிந்துவிட்டது. ஆனால் அந்த வேலை போன இடத்தில் அதைவிட நுணுக்கமான வேறொரு வேலை வந்து உட்கார்ந்துவிட்டது; அதற்குத்தான் இன்று ஆட்கள் போதவில்லை.

முதலில் இந்த லைப்ரரி எதற்கு என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு நெட்வொர்க்கில் ஓடும் பாக்கெட்டுகளை, அனுப்பும் முகவரி, பெறும் முகவரி, இரண்டு பக்கத்துப் போர்ட் எண்கள், அனுப்பும் முறை டிசிபியா யூடிபியா என்பது, ஆகிய ஐந்தையும் வைத்துக் கோத்தால் கிடைப்பதை ஃப்ளோ என்கிறோம். ஒவ்வொரு ஃப்ளோவும் எந்த நெறிமுறையைப் பேசுகிறது, அதன்மேல் எந்தச் செயலி ஓடுகிறது என்று சொல்வதே இதன் தொழில். ஒரு காலத்தில் போர்ட் எண்ணே போதுமானதாக இருந்தது: 25 என்றால் மின்னஞ்சல், 80 என்றால் வலை. கோப்புப் பகிர்வுச் செயலிகள் கிடைத்த போர்ட்டில் எல்லாம் நுழையத் தொடங்கியபோது அந்த நம்பிக்கை போயிற்று. ஜெர்மனியின் லைப்சிக் நகரத்து ஐபோக் நிறுவனம் தன் வணிக மென்பொருளின் ஒரு பகுதியை 2009 ஆம் ஆண்டு ஓப்பன்டிபிஐ என்ற பெயரில் திறமூலமாக வெளியிட்டது. அந்நிறுவனம் 2011 ஆம் ஆண்டு வேறொரு பெரிய நிறுவனத்தின் கைக்குப் போனது. ஓப்பன்டிபிஐயும் அதன்பின் தேங்கிப்போனது. 1998 ஆம் ஆண்டிலிருந்தே என்டாப் என்ற நெட்வொர்க் கண்காணிப்பு மென்பொருளை எழுதிவந்த இத்தாலியர் லூக்கா டெரியும் அவருடைய குழுவினரும் அந்த மூலநிரலை எடுத்துத் திருத்தி வளர்த்ததுதான் என்டிபிஐ. சி மொழியில் எழுதப்பட்டது. யாரும் எடுத்துத் திருத்திப் பகிர இடம் தரும் எல்ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு உரிமத்தில் கிடைக்கிறது. இன்று நானூறுக்கு மேற்பட்ட நெறிமுறைகளையும் செயலிகளையும் அடையாளம் காண்கிறது. இப்படிக் கைவிடப்பட்டதை இன்னொருவர் எடுத்து வளர்க்க முடிந்தது உரிமத்தின் புண்ணியம் என்பதைக் கவனியுங்கள்.

இனிக் குறியாக்கத்துக்கு வருவோம். உடன்குடிக் கருப்பட்டி வியாபாரிகள் ஓலைப்பெட்டியைப் பிரிக்காமலே, கையில் தூக்கிப் பார்த்து, தட்டிப் பார்த்து, உள்ளே இருப்பது எந்தப் பக்குவத்துச் சரக்கு என்று சொல்லிவிடுவார்கள். இந்த லைப்ரரியின் நிலையும் இன்று அதுதான். வலைத்தளத்தோடு நடக்கும் பேச்சைக் குறியாக்கம் செய்யும் நெறிமுறைக்கு டிஎல்எஸ் என்று பெயர். அந்த இணைப்பு தொடங்கும்போது பிரவுசர் அனுப்பும் முதல் செய்திக்குக் கிளையன்ட் ஹலோ என்று பெயர். சாவி இன்னும் முடிவாகாத நேரத்தில் போவதால் அது வெளிப்படையாகவே போகிறது. எந்தத் தளத்துக்குப் போக வேண்டும் என்ற பெயரும் அதிலேயே இருக்கிறது. ஒரே முகவரியில் ஆயிரம் தளங்கள் குடியிருக்கும் காலத்தில், எந்தத் தளத்தின் சான்றிதழைக் காட்டுவது என்று சர்வருக்குத் தெரிய வேண்டுமே, அதற்காக வைத்த பெயர் அது. 2018 ஆம் ஆண்டு ஆகஸ்டில் வெளிவந்த டிஎல்எஸ் 1.3 சர்வரின் சான்றிதழை மறைத்துவிட்டது. இந்தப் பெயரை மறைக்கவில்லை.

அதன்பின் குவிக் வந்தது. யூடிபியின்மேல் ஓடும் இந்த நெறிமுறை 2021 ஆம் ஆண்டு மே மாதம் தரநிலை ஆனது; ஹெச்டிடிபி மூன்றாம் பதிப்பு இதன்மேல்தான் ஓடுகிறது. இதில் முதல் பாக்கெட்டே குறியாக்கம் ஆகித்தான் வரும். ஆனால் அந்த முதல் பாக்கெட்டைப் பூட்டும் சாவி இரகசியமானது அன்று: பாக்கெட்டின் தலைப்பிலேயே வெளிப்படையாக இருக்கும் இணைப்பு அடையாளத்தையும், தரநிலை ஆவணத்தில் அச்சிட்டிருக்கும் 20 பைட் மாறிலியையும் சேர்த்துக் கணக்கிட்டால் சாவி வந்துவிடும். வழியில் இருக்கும் கருவிகள் இந்த நெறிமுறையைப் பற்றித் தாமாக ஏதேனும் அனுமானித்துக்கொண்டு பிற்கால மாற்றங்களுக்கு முட்டுக்கட்டை ஆகிவிடக் கூடாது என்பதே இந்தப் பூட்டின் ஒரு நோக்கம். ஆகவே லைப்ரரி அந்தச் சாவியைத் தானே கணக்கிட்டு, முதல் பாக்கெட்டைத் திறந்து, உள்ளிருக்கும் கிளையன்ட் ஹலோவைப் படிக்கிறது. 2023 ஆம் ஆண்டு குவிக்கின் இரண்டாம் பதிப்பு வந்தபோது அந்த 20 பைட் மாறிலி மாறியது. அதை அறியாத கருவிக்கு அந்த ட்ராஃபிக் வெறும் இரைச்சலாகவே தெரியும். "ஓயாமல் மாற்றம் ஏன்" என்ற உங்கள் கேள்விக்கு ஒரு விடை இங்கேயே இருக்கிறது.

எங்கள் வளாகத்தில் நேர்ந்த ஒன்றைச் சொன்னால் இது இன்னும் நன்றாக விளங்கும். 2024 ஆம் ஆண்டு மே மாதம், கத்திரி வெயிலில், விடுதியில் தங்கிப் போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த மாணவர்களிடமிருந்து ஒரே மாதிரியான புகார் தொடர்ந்து வந்தது. பாடக் காணொளித் தளம் ஒன்றுக்கு மாலை நேரத்தில் குறைந்தபட்ச வேகம் உறுதியாகக் கிடைக்கும்படி ஒரு கருவியில் ஏற்பாடு செய்திருந்தோம். அந்தத் தளம் சில நேரம் தங்குதடையின்றி ஓடுகிறது, பக்கத்தைப் புதுப்பித்தால் திணறுகிறது, மறுபடி புதுப்பித்தால் ஓடுகிறது என்றார்கள். விலை கொடுத்து வாங்கிய கருவி அது. எந்த நிறுவனம் என்பது இங்கே தேவையில்லை. விற்றவர்களைக் கேட்டால் "உங்கள் லைனைப் பாருங்கள்" என்றார்கள். லைன் நன்றாகவே இருந்தது. கருவியின் பட்டியலில் பார்த்தால், அந்தத் தளத்துக்குப் போகும் இணைப்புகளில் ஒரு பகுதி சரியான பெயரிலும், மற்றது "அடையாளம் தெரியாதவை" என்ற தலைப்பிலும் விழுந்துகொண்டிருந்தன. ஒரே மாணவர், ஒரே மடிக்கணினி, ஒரே பிரவுசர், ஒரே தளம்.

பாக்கெட்டுகளைப் பதிவுசெய்யும் டிசிபிடம்ப் போட்டு இருபது இணைப்புகளைப் பிடித்து, ஒவ்வொன்றின் தொடக்கத்தையும் பாக்கெட்டைப் பிரித்துக் காட்டும் வயர்ஷார்க்கில் திறந்து, பைட் பைட்டாகப் பார்த்தேன். இரண்டு வெவ்வேறு மாற்றங்கள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்ட கதை அது. முதலாவது, குரோம் பிரவுசர் 2024 ஏப்ரலில் வெளிவந்த 124 ஆம் பதிப்பிலிருந்து, குவாண்டம் கணினியாலும் உடைக்க முடியாதபடி வடிவமைத்த சாவிப் பரிமாற்றத்தை இயல்பாகவே சேர்க்கத் தொடங்கியது. பழைய முறையில் பிரவுசர் அனுப்பிய சாவிப் பங்கு 32 பைட்தான். புதிய முறையில் அது 1216 பைட். ஒரு டிசிபி பாக்கெட்டில் வழக்கமாக 1460 பைட்தான் கொள்ளும் என்பதால், கிளையன்ட் ஹலோ ஒரு பாக்கெட்டில் அடங்காமல் இரண்டாக உடைந்தது. இரண்டாவது, அதே பிரவுசர் 2023 ஆம் ஆண்டிலிருந்து, கிளையன்ட் ஹலோவுக்குள் இருக்கும் நீட்டிப்புகளின், அதாவது தளப் பெயர், சாவிப் பங்கு போன்ற விவரப் பகுதிகளின், வரிசையை ஒவ்வொரு இணைப்பிலும் சீட்டுக்கட்டைப் போலக் கலைத்து அனுப்பத் தொடங்கியிருந்தது. இவை இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும்? தளத்தின் பெயர் அந்தப் பெரிய சாவிப் பங்குக்கு முன்னால் விழுந்தால் முதல் பாக்கெட்டில் இருக்கும். பின்னால் விழுந்தால் இரண்டாவதற்குத் தள்ளப்படக்கூடும். எங்கள் கருவியோ முதல் பாக்கெட்டை மட்டும் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிடும். பக்கத்தைப் புதுப்பிக்கும்போதெல்லாம் மாணவர்கள் தங்களை அறியாமலே சீட்டைக் குலுக்கிக்கொண்டிருந்தார்கள்.

இந்தச் சிக்கலைச் சமாளிக்க லைப்ரரி என்ன செய்ய வேண்டும்? இரண்டு துண்டுகளையும் சேர்த்துத் தைக்க வேண்டும். சொல்வது எளிது. இரண்டாம் துண்டு முதலில் வந்தால் காத்திருக்க வேண்டும். முதல் துண்டு தொலைந்து மறுபடி வந்தால் இரட்டிப்பாகச் சேர்த்துவிடக் கூடாது. வரவே வராத துண்டுக்காக நினைவகத்தை என்றென்றைக்கும் பிடித்து வைத்திருக்கவும் கூடாது. குவிக்கில் நிலைமை இன்னும் மோசம். அங்கே குரோம், கிளையன்ட் ஹலோவை வேண்டுமென்றே சிறு சிறு துண்டுகளாக்கி, முன்னுக்குப்பின் மாற்றி, நடுவில் வெற்று நிரப்பல்களையும் வைத்து அனுப்புகிறது; வழியில் இருக்கும் கருவிகள் ஒரு குறிப்பிட்ட அமைப்புக்குப் பழகிவிடக் கூடாது என்பதுதான் காரணம். இவை எல்லாவற்றையும் வரிசைப்படுத்திச் சேர்க்கும் நிரலை எழுதுவதும், அது தவறும் ஒவ்வொரு மூலையையும் ஒவ்வொன்றாக அடைப்பதும்தான் அண்மை ஆண்டுகளின் உண்மையான வேலை. வெளியே இருந்து பார்ப்பவருக்குப் புதிய வசதி என்று எதுவும் தெரியாது.

பெயரை மட்டும் நம்பாமல் கைரேகையையும் பார்ப்பது இன்னொரு கிளை. எந்தக் குறியாக்க முறைகளை, எந்த நீட்டிப்புகளை, எந்த வரிசையில் ஒரு நிரல் முன்வைக்கிறது என்பதைச் சுருக்கி ஒரு கைரேகையாக்கும் ஜேஏ3 என்ற முறை 2017 ஆம் ஆண்டு வந்தது. தீநிரல்களைப் பிடிக்க அது பல ஆண்டுகள் உதவியது. நான் மேலே சொன்ன வரிசைக் கலைப்பு வந்ததும், ஒரே பிரவுசருக்கு ஆயிரக்கணக்கான கைரேகைகள் முளைத்து, அது பயனற்றுப்போனது. 2023 ஆம் ஆண்டு வந்த ஜேஏ4, நீட்டிப்புகளை அகரவரிசை போல் முதலில் வரிசைப்படுத்திவிட்டுப் பிறகு சுருக்குகிறது. கலைத்தாலும் விடை மாறாது. எண்ணிப் பார்த்தால் மிக எளிய யோசனை. ஆனால் ஒரு லைப்ரரி பழையதைத் திடீரென்று நீக்கவும் முடியாது, ஏனென்றால் அதை நம்பி எவ்வளவோ பேர் தங்கள் கண்காணிப்பு விதிகளை எழுதி வைத்திருப்பார்கள்.

பெயரே இல்லாத நெறிமுறைகளை எப்படி அடையாளம் காண்கிறார்கள் என்பதற்கு ஒயர்கார்டை எடுத்துக்கொள்ளுங்கள்; தொடக்கநிலையில் இருப்பவர் படித்துப் பார்ப்பதற்கு இதைவிட நல்ல பகுதி இல்லை. அது முழுக்கக் குறியாக்கம் ஆன விபிஎன், அதாவது இணையத்தின் ஊடே போடும் தனிச் சுரங்கப் பாதை. எந்தப் போர்ட்டிலும் ஓடும். ஆனால் இணைப்பைத் தொடங்கிவைக்கும் கைகுலுக்கலின் முதல் செய்தி எப்போதும் சரியாக 148 பைட். அதன் முதல் பைட் 1, அடுத்த மூன்றும் பூச்சியம். மறுமொழி 92 பைட். முதல் பைட் 2, அடுத்த மூன்றும் பூச்சியம். இதை மட்டும் வைத்து முடிவு கட்டினால் தற்செயலாகப் பொருந்தும் வேறு ட்ராஃபிக்கும் மாட்டிக்கொள்ளும். அதனால், முதல் செய்தியில் ஐந்தாவது பைட்டிலிருந்து நான்கு பைட்டுகளில் அனுப்புநர் எண் ஒன்று இருக்கிறதே, அதைக் குறித்து வைத்துக்கொண்டு, மறுமொழியில் ஒன்பதாவது பைட்டிலிருந்து வரும் பெறுநர் எண்ணோடு ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் ஒயர்கார்டு. நான்கு பைட்டுகள் தற்செயலாகப் பொருந்த நானூறு கோடியில் ஒரு வாய்ப்புத்தான் உண்டு. நல்ல ஆய்வுப் பகுதி என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்: ஒரு பக்கத்துச் சொல்லை நம்பாமல், கேள்விக்கும் பதிலுக்கும் உள்ள பொருத்தத்தைப் பார்க்க வேண்டும்.

இனிமேல் வருவதில் பெரிய சவால், கிளையன்ட் ஹலோவையே குறியாக்கம் செய்யும் முறை. இதில் வெளியே தெரியும் பெயர் ஒரு முகமூடிப் பெயர். எடுத்துக்காட்டாக, ஏராளமான தளங்களுக்கு முன்னால் நின்று அவற்றைப் பரிமாறும் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் வழியாக இந்த முறையில் போகும் எல்லாத் தளங்களுக்கும் ஒரே முகமூடிதான். உள்ளே இருக்கும் உண்மைப் பெயரைத் திறக்கும் சாவி சர்வரிடம்தான் இருக்கிறது. குவிக்கின் முதல் பாக்கெட்டைப் போல் யாரும் கணக்கிட்டு எடுத்துவிட முடியாது. தளப் பெயருக்கு உரிய முகவரியைக் கேட்கும் பெயர்த் தேடலையும் குறியாக்கம் செய்தாகிவிட்டால் அங்கேயும் துப்புக் கிடைக்காது. உங்கள் பேராசிரியரின் வாதம் உண்மையில் வலுப்பெறும் இடம் இதுதான்; இதை நான் மறுக்கப்போவதில்லை. இந்த இணைப்பு இன்ன தளத்துக்குத்தான் போகிறது என்று அடித்துச் சொல்லக்கூடிய ட்ராஃபிக் சுருங்கிக்கொண்டே போகும். ஆனால் இது குரல் அழைப்பா, கோப்புப் பதிவிறக்கமா, சுரங்கப் பாதையா, வழக்கத்துக்கு மாறான போர்ட்டில் ஓடும் தெரிந்த நெறிமுறையா என்பதைச் சொல்லும் திறன் அதனால் போய்விடாது. வளாகம் ஒன்றைக் காவல் காக்கும் எனக்குத் தளத்தின் பெயரைவிடப் பெரும்பாலும் அதுதான் தேவைப்படுகிறது. தானே கையொப்பமிட்ட சான்றிதழ், நிரலால் பிறந்தது போன்ற வாயில் நுழையாத தளப் பெயர், காலாவதியான டிஎல்எஸ் பதிப்பு என்று ஒவ்வொரு ஃப்ளோவிலும் தென்படும் ஆபத்துக் குறிகளை இந்த லைப்ரரி பட்டியலிட்டுத் தருகிறது. விடுதியில் ஒரு கணினிக்குத் தொற்று வந்திருக்கிறது என்பதை எனக்கு முதலில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அந்தப் பட்டியல்தான்.

இன்னொன்றும் எனக்குப் பிடிக்கும். தான் சொல்லும் விடையை எதை வைத்துச் சொல்கிறது என்பதையும் இது சேர்த்தே சொல்கிறது: பாக்கெட்டைப் பார்த்தே சொன்னதா, முகவரியை வைத்து ஊகித்ததா, வெறும் போர்ட் எண்ணைப் பார்த்துச் சொன்னதா என்று. போர்ட் எண்ணால் சொன்ன விடையை வைத்து ஒரு மாணவரைக் கூப்பிட்டு விசாரிப்பது அநியாயம். அதை எங்கள் வளாகத்தில் ஒரு முறை செய்துவிட்டு, பிறகு அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அடுத்து, பலரும் கவனிக்காத ஒரு பகுதி: பாக்கெட்டைப் பிரித்துப் படிக்கும் நிரலே தாக்குதலுக்கு வாசலாகிவிடும் அபாயம். 2004 ஆம் ஆண்டு மார்ச் மாதம் பரவிய விட்டி என்ற புழு, பாதுகாப்புக்காக நிறுவியிருந்த ஒரு மென்பொருளையே தாக்கியது. அந்த மென்பொருளில் ஐசிக்யூ என்ற அரட்டைச் செயலியின் செய்திகளை ஆராயும் பகுதியில் இருந்த பிழைதான் அதற்குக் கதவைத் திறந்துவிட்டது. சுமார் 12,000 கணினிகள் மாட்டின. காவலுக்கு வைத்த நாயின் கழுத்துப்பட்டியைப் பிடித்துக்கொண்டே திருடன் வீட்டுக்குள் நுழைந்த கதை. லைப்ரரி படிக்கும் ஒவ்வொரு பைட்டும் முன்பின் தெரியாத யாரோ அனுப்பியது. அதில் எழுதியிருக்கும் எந்த நீளத்தையும் நம்பக் கூடாது.

டிஎன்எஸ், அதாவது மேலே சொன்ன பெயர்த் தேடல், பாக்கெட்டில் வரும் பெயரைப் படிப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். பெயரின் ஒவ்வொரு பகுதிக்கும் முன்னால் அதன் நீளம் ஒரு பைட்டில் இருக்கும், அதிகபட்சம் 63. அந்தப் பைட்டின் மேல் இரண்டு பிட்டுகளும் 1 ஆக இருந்தால், அது நீளம் அன்று. "மீதியைப் பாக்கெட்டின் இன்ன இடத்தில் போய்ப் படி" என்ற சுட்டு. அந்தச் சுட்டு தன்னையே சுட்டினால்? எழுதியவர் அதை எண்ணிப் பார்க்காவிட்டால், ஒரே ஒரு பாக்கெட் உங்கள் நிரலை முடிவில்லாமல் சுற்றவைத்துவிடும். முதல் முறை இதை எழுதும் எல்லோரும் செய்யும் தவறு இது, நானும் செய்திருக்கிறேன். இந்தக் காரணத்தால்தான் இந்த லைப்ரரிக்குத் தாறுமாறான பைட்டுகளை இடைவிடாமல் ஊட்டிப் பார்க்கும் சோதனை, அதாவது ஃபஸ்ஸிங், கூகுளின் ஓஎஸ்எஸ் ஃபஸ் ஏற்பாட்டின் வழியாக நடந்துகொண்டே இருக்கிறது. மாற்றங்களின் பட்டியலில் "எல்லை தாண்டிப் படித்தது திருத்தப்பட்டது" என்ற வகையில் நீங்கள் பார்க்கும் வரிகளில் பல அங்கிருந்து வருபவை.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 10 ஜிகாபிட் லைனில் மிகச் சிறிய பாக்கெட்டுகளாக நிரம்பி வந்தால் நொடிக்கு 1 கோடியே 48 லட்சத்துக்கு மேல் வரும். ஒன்றுக்கு 67 நானோ நொடிதான் அவகாசம். அதனால் ஃப்ளோவின் தொடக்கத்துப் பாக்கெட்டுகள் சிலவற்றை மட்டும் ஆராய்ந்து, விடை கிடைத்ததும் மீதியை விட்டுவிடுகிறார்கள். ஆயிரக்கணக்கான தளப் பெயர்களை ஒவ்வொன்றாக ஒப்பிடாமல் ஒரே ஓட்டத்தில் தேட, ஆகோவும் கோராசிக்கும் 1975 ஆம் ஆண்டு வெளியிட்ட வழிமுறை கைகொடுக்கிறது. உங்கள் பாடத்திட்டத்தில் அது வந்திருக்கும். எங்கே பயன்படும் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

எங்கே தொடங்குவது என்ற கேள்விக்கு வருகிறேன். புதிய நெறிமுறைக்கு ஆய்வுப் பகுதி எழுதுகிறேன் என்று தொடங்காதீர்கள். முதலில் கேப்சர், அதாவது ஓடும் பாக்கெட்டுகளின் பதிவு, எடுக்கப் பழகுங்கள். இந்த லைப்ரரியின் சோதனைத் தொகுப்பு என்பது ஏராளமான கேப்சர் கோப்புகளும், ஒவ்வொன்றுக்கும் வர வேண்டிய விடையும்தான். யார் எந்த மாற்றத்தை அனுப்பினாலும் அத்தனை கேப்சர்களும் மறுபடி ஓட்டப்பட்டு, பழைய விடையோடு ஒப்பிடப்படும். நீங்கள் ஒன்றைச் சரிசெய்யப்போய் வேறு நான்கைக் கெடுத்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். ஆகவே நல்ல கேப்சர்தான் இங்கே செல்வம். இத்தாலியில் உட்கார்ந்திருப்பவருக்கு, மேலப்பாளையத்தில் ஒரு மலிவு விலை ஆண்ட்ராய்டு கைபேசியில், இந்தியச் சிம் போட்டு, இங்கே மட்டும் ஓடும் ஒரு செயலி எப்படிப் பேசுகிறது என்று பார்க்க வழியில்லை. உங்களுக்கு இருக்கிறது. நம் ஊர்ப் பிள்ளைகள் தங்களிடம் கொடுப்பதற்கு ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு எப்போதுமே வருத்தம் உண்டு.

எடுக்கும் முறை: உங்கள் சொந்தக் கைபேசியை மட்டும் லினக்ஸ் மடிக்கணினியின் ஹாட்ஸ்பாட்டில் இணையுங்கள். மற்றச் செயலிகளின் பின்னணி இயக்கத்தை நிறுத்துங்கள். டிசிபிடம்ப்பை முதலில் ஓடவிட்டு, பிறகு செயலியைத் திறங்கள். வரிசை மாறினால் கைகுலுக்கல் தவறிவிடும், கைகுலுக்கல் இல்லாத கேப்சரால் பெரிய பயன் இல்லை. அரை நிமிடம் போதும். அதை லைப்ரரியோடு வரும் வாசிப்பு நிரலில் கொடுத்து, எந்த ஃப்ளோவுக்கு என்ன பெயர் சொல்கிறது, எது தெரியாதது என்று ஒதுக்குகிறது என்று பாருங்கள். ஒதுக்கியவற்றை வயர்ஷார்க்கில் திறந்து ஏன் என்று கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் ஒரு தளப் பெயர் பட்டியலில் இல்லாததுதான் காரணமாக இருக்கும். அந்த ஒரு வரியைச் சேர்த்து, கேப்சரையும் விடையையும் இணைத்து அனுப்பினால் அதுவே முறையான முதல் பங்களிப்பு. ஆனால் பட்டியலில் சேர்க்கும் பெயர் வேறு செயலிக்கும் பொதுவானதா என்று பார்த்துவிட்டுச் சேருங்கள். விளம்பர நிறுவனத்தின் தளப் பெயரைச் செயலியின் பெயராகச் சேர்த்துவிடுவது தொடக்கத்தில் எல்லோரும் செய்யும் பிழை.

ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். விடுதி வைஃபையிலோ நண்பர்களின் கைபேசியிலோ அவர்களுக்குத் தெரியாமல் கேப்சர் எடுக்காதீர்கள். உள்ளடக்கம் குறியாக்கம் ஆகியிருந்தாலும், யார் எந்த நேரத்தில் எந்த மருத்துவத் தளத்துக்கு, எந்த வங்கிக்குப் போனார் என்பது பெயர்களிலேயே தெரிந்துவிடும். திறமூலத் தொகுப்பில் ஒரு முறை ஏறிய கோப்பை உலகத்திலிருந்து திரும்ப எடுக்கவும் முடியாது. 2023 ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். இந்த லைப்ரரியை யார் எதற்குப் பயன்படுத்தலாம் என்ற கேள்வியும் இதனோடு சேர்ந்தது. கல்லூரி தன் சொந்த லைனை மாணவர்களிடம் சொல்லிவிட்டு ஒழுங்குபடுத்துவது வேறு. இணையச் சேவை நிறுவனம் வாடிக்கையாளரின் ட்ராஃபிக்கில் ஒரு தளத்தை உயர்த்தி இன்னொன்றைத் தாழ்த்துவது வேறு. பின்னதை 2018 ஆம் ஆண்டு தொலைத்தொடர்புத் துறை ஏற்றுக்கொண்ட இணையச் சமத்துவக் கொள்கை இந்தியாவில் அனுமதிப்பதில்லை. கத்தி ஒன்றுதான் என்றாலும் பிடிக்கும் கை வேறு என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. தணிக்கைக்கும் இதே வகைக் கருவிகள்தான் பயன்படுகின்றன. அந்தச் சங்கடத்தோடுதான் நானும் இதைப் புழங்குகிறேன்.

சி மொழியில் உங்களுக்கு இன்னும் கொஞ்சம் பயிற்சி வேண்டும் என்றால், ஒயர்கார்டு பகுதியைப் படித்துவிட்டு, அதன் நீளச் சோதனைகளில் ஒன்றை உங்கள் கணினியில் வேண்டுமென்றே நீக்கி, நினைவகப் பிழைகளைக் காட்டிக்கொடுக்கும் அட்ரஸ் சானிடைசரோடு தொகுத்து, பாதியில் வெட்டிய பாக்கெட் ஒன்றை ஊட்டிப் பாருங்கள். எந்த வரியில் விழுகிறது என்று அதுவே காட்டும். எங்கள் வளாகத்து மே மாதக் கேப்சர்களில் என் சொந்த மடிக்கணினியிலிருந்து எடுத்த நான்கு கோப்புகள் இருக்கின்றன: இரண்டில் பெயர் முதல் பாக்கெட்டில், இரண்டில் அடுத்த பாக்கெட்டில். செமஸ்டர் தேர்வு முடிந்ததும் ஒரு சனிக்கிழமை முருகன்குறிச்சிப் பக்கம் வந்தால் பென்டிரைவில் தருகிறேன்; மடிக்கணினியையும் எடுத்து வாருங்கள், முதல் கேப்சரை இங்கேயே உட்கார்ந்து எடுத்துவிடலாம்.